எந்த அந்து என்று முதலில் சொல்லுங்கள்: அச்சுவேலியிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கும் கிளிநொச்சியிலுள்ள அதன் விவசாய பீடத்துக்கும். விவசாயத் திணைக்களத்துக்கும் திருநெல்வேலியிலுள்ள அதன் ஆராய்ச்சி நிலையத்துக்கும். கொழும்பு தேசிய நூதனசாலைக்கும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும். வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கும். எங்கள் ஊர்ப் பூச்சிகளுக்குக் கடல் கடந்து பெயர் வைக்கும் பாகுபாட்டியலாளர்களுக்கும்:

அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர், இடைக்காடு, வளலாய், தொண்டைமானாறு ஆகிய இடங்களில் தோட்டஞ் செய்கிறவர்களும், உயிரியல் படிப்பிக்கிறவர்களும், அதைப் படிக்கிறவர்களும், இரவில் வெள்ளைத் துணி கட்டி அதன் முன் மின்குமிழைக் கொளுத்திவிட்டுப் பூச்சி பார்க்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

ஒரு பூச்சியின் பெயருக்குச் சாசனமா என்று எங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. காணி, கடன், வெங்காய விலை என்று கேட்பதற்கு எவ்வளவோ கிடக்கிறது. அவர்களுக்குச் சொன்ன மறுமொழியையே உங்களுக்கும் சொல்கிறோம். எங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது எதுவோ அது கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் குடிப்பதும் அந்தக் கிணற்றில்தான், தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தக் கிணற்றில்தான். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பது பழைய செய்தி. இப்படிப்பட்ட நிலத்தில் தேவையில்லாமல் அடிக்கிற மருந்து ஒரு வீட்டுத் தவறாக நின்றுவிடாது, ஊர்த் தவறாகும். பெயர் தெரியாத புழுவுக்கு அடிக்கிற மருந்து பெரும்பாலும் தேவையில்லாத மருந்து.

எள்ளிலும் கத்தரியிலும் ஒரு புழு வரும். விரல் மொத்தம். வால் நுனியில் ஒரு கொம்பு, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள். பச்சையாக வரும், மஞ்சளாக வரும், மண்ணிறத்திலும் வரும். நிறத்தைப் பார்த்து இனம் பிரிக்கப் போனால் அங்கேயே வழி தவறும், ஏனென்றால் ஒரே இனத்துக்குள்ளேயே இந்த மூன்று நிறமும் உண்டு. இரண்டு மூன்று புழுக்கள் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். விடியக் கண்டவர் பதறுவது நியாயம். கடைக்குப் போய்ப் ‘புழு’ என்று சொன்னால் ஒரு போத்தல் கைக்கு வரும். எந்தப் புழு என்ற கேள்வி விற்கிறவருக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை, போத்தலில் ஒட்டிய துண்டிலும் இல்லை.

அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, பிறகு வெளியே வந்தால் அது பருந்து அந்து. ஸ்பிங்கிடே என்ற இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 1,400க்கு மேற்பட்ட இனங்கள். ஒடுங்கிய நீண்ட முன்னிறகு, கூரான உடல், பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் வல்லமை என்று குடும்பத்தை அடையாளம் காண்பது சுலபம். குடும்பத்துக்குள் இறங்கினால்தான் சிக்கல்.

எள்ளுப் புழுவையே எடுங்கள். முதுகில் மண்டையோடு போன்ற அடையாளமுள்ள அகெரொன்சியா என்ற சாதியைச் சேர்ந்தது அது. உலகில் அந்தச் சாதியில் மூன்றே இனங்கள். அற்றொப்போஸ் ஆபிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டது. மற்ற இரண்டும், அதாவது 1798இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்ட லகேசிஸும், 1847இல் வெஸ்ட்வூட் பெயரிட்ட ஸ்டிக்ஸும், இலங்கையில் இருப்பவை. இரண்டும் எள்ளைத் தின்னும், கத்தரிக் குடும்பத்துச் செடிகளைத் தின்னும், வேறு பலவற்றையும் தின்னும். ஆகவே புழு இருந்த செடியைச் சொல்லி இனத்தைச் சொல்ல முடியாது. வளர்ந்த அந்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும், ஆனால் இறகை விரித்துப் பார்க்க வேண்டும். லகேசிஸின் பின்னிறகின் அடியில் பெரிய கறுப்புத் திட்டு. வயிற்றில் கறுப்புப் பட்டைகள் அகலமாக இருப்பதால் மஞ்சள் குறைந்து தெரியும். ஸ்டிக்ஸின் பின்னிறகு அடிவரை மஞ்சள், அதில் கறுப்புப் பட்டிகள். ஸ்டிக்ஸையும் ஐரோப்பிய அற்றொப்போஸையும் பிரிக்க இன்னும் கவனம் வேண்டும்: முன்னிறகைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் ஸ்டிக்ஸுக்கு நடுவில் இரண்டு பட்டிகள், அற்றொப்போஸுக்கு ஒன்று.

தமிழில் வரும் பத்திரிகைத் துணுக்குகளிலும் முகநூற் பதிவுகளிலும் ‘மண்டையோட்டு அந்து’ என்று வரும் படம் பெரும்பாலும் எங்கள் ஊரில் இல்லாத அற்றொப்போஸ். இதற்காகத் துணுக்கு எழுதியவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. 1991இல் வந்து ஒஸ்கார் விருதுகளை அள்ளிய ‘த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்’ படத்தில் பாத்திரங்கள் ஸ்டிக்ஸ் என்று சொல்ல, சுவரொட்டியில் நடிகையின் வாய்மேல் இருப்பது அற்றொப்போஸ்.

அறிஞர்களுக்கும் இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. லகேசிஸ் என்ற ஒரே அந்துக்கு மோர்ற்றா, சற்றானாஸ், லேதே, சேர்சே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெவ்வேறு கைகள் வெவ்வேறு பெயர் கொடுத்தன. எல்லாம் பின்னர் ஒத்த பெயர்களாகி மடிந்தன. முந்தி வந்த பெயரே நிற்கும் என்பது விலங்கியற் பெயரீட்டு விதி. விதி பெயர்ச் சண்டையைத் தீர்க்கும். முன்னால் கிடக்கும் புழு எது என்பதை அது தீர்க்காது. அதற்கு வேண்டியவற்றைத்தான் கேட்கிறோம்.

முதலாவது, எல்லாவற்றிலும் பெரியது: வடக்கில் ஒரு பூச்சி மாதிரிச் சேகரம் வேண்டும். இலங்கையின் அந்துகளுக்கு அடிப்படை நூல் ஃபிரெடரிக் மூர் எழுதிய ‘த லெப்பிடொப்ரரா ஒஃப் சிலோன்’. 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. அதன் பின்னால் இருந்தவர் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ். அதற்கு உயிர் கொடுத்த வர்ணப் படங்களை வரைந்தவர்கள் வில்லியம், ஜோர்ஜ் டி அல்விஸ் சகோதரர்கள். பேராதனையில் நெடுங்காலம் செடிகொடிகளை வரைந்த ஹர்மானிஸ் டி அல்விஸின் பிள்ளைகள். அந்தை மட்டும் வரையாமல் புழுவையும் அது தின்னும் இலையையும் சேர்த்து வரைந்தார்கள். நாட்டின் திறமை அப்போதே இருந்தது. அந்து குத்திய ஊசிகள்தான் கப்பலேறின. ஒரு பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மூல மாதிரி பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. அதைத் திருப்பித் தா என்று இந்தச் சாசனம் கேட்கவில்லை. அது வேறு வழக்கு, வேறு இடத்தில் நடக்கட்டும். இங்கே ஒரு மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, சரியாக இனங்கண்ட இன்னொரு மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்கிறோம்.

சேகரம் என்றால் மாளிகை கேட்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஈரம் ஏறாத ஓர் அறை, பூச்சி அரிக்காத இறுக்கமான பெட்டிகள், எடுத்த இடம், நாள், ஒளியிலா பூவிலா புழுவிலிருந்தா என்று எழுதிய துண்டு ஒவ்வொன்றின் ஊசியிலும். கடலோரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஆளில்லாத அறையில் ஓராண்டில் எல்லாம் தூளாகும். ஆகவே பெட்டியைவிட முக்கியம், அதைப் பார்க்கச் சம்பளத்தோடு ஒரு நிரந்தர ஆள். திட்ட நிதி முடிந்ததும் வீட்டுக்குப் போகிற ஆள் வேண்டாம். கொழும்பு நூதனசாலை 1877இலிருந்து இருக்கிறது. அங்கே பராமரிப்புப் பழகிய கைகள் உண்டு. இரட்டை மாதிரிகள் இருந்தால் அவற்றில் ஒரு பங்கையும், பழக்கிவிட ஒருவரைச் சில மாதங்களுக்கும் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை இனங்காணும் முறை பற்றியது. மேலிறகுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு இனப் பெயர் போடுவதை நிறுத்த வேண்டும். தொலைபேசிப் படத்தைச் செயலியில் ஏற்றினால் ஒரு பெயர் வருகிறது. அது மறுநாள் ஆய்வுக் கட்டுரையில் ‘பதிவு’ ஆகிறது. இதன் ஆபத்துக்கு எங்கள் வளவுகளிலேயே உதாரணம் இருக்கிறது. மூக்கிரட்டைக் கொடியில் வளரும் ஹிப்போற்றியன் போர்ஹாவியே என்ற அந்துக்கு 1775இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். பெயரும் அந்தக் கொடியிலிருந்தே வந்தது. ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருக்கிற ஹிப்போற்றியன் றொசெற்றாவுக்கு 1892இல் சுவின்ஹோ பெயரிட்டார். இரண்டும் தெற்காசியாவில் உண்டு, இரண்டுக்கும் பின்னிறகு ரோசா கலந்த சிவப்பு, முன்னிறகில் மெல்லிய சாய்கோடுகள். பறந்து தேய்ந்த மாதிரியாக இருந்தால் நிபுணரும் தயங்குவார். உறுதிப்படுத்தப் பிறப்புறுப்பைத்தான் பார்க்க வேண்டும். பழைய பதிவுகளில் ஒன்றின் பெயரில் மற்றது கலந்து கிடப்பதும் இதனால்தான்.

பிறப்புறுப்பைப் பார்ப்பது ஏதோ வெளிநாட்டு வித்தை என்ற எண்ணம் எங்கள் ஆசிரியர்களிடமே இருக்கிறது. காய்ந்த அந்தின் வயிற்று நுனியை வெட்டி, பத்து வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கினால் தசையும் கொழுப்பும் கரைந்து, கடினமான பகுதி மட்டும் மிஞ்சும். தூரிகையால் செதில்களைத் துடைத்துக் கிளிசரினில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஆணின் பற்றுகைகளும் நடுக்கொக்கியும் தெரியும். ஒவ்வோர் இனத்திலும் இவற்றின் வடிவம் பெண்ணுறுப்போடு பூட்டும் திறப்பும் மாதிரிப் பொருந்தும் என்று பழைய நூல்கள் சொன்னது முழு உண்மையில்லை என்று இன்று தெரிந்தாலும், நெருங்கிய இனங்களைப் பிரிக்க இதைவிட நம்பகமான உறுப்பு அந்தில் குறைவு. இதற்கு வேண்டிய இரசாயனமும் நுணுக்குக்காட்டியும் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளில் இருக்கக்கூடியவை. இல்லாதது ஒருமுறை செய்து காட்ட ஒரு ஆள்.

புழு வளர்த்துப் பார்ப்பதையும் இதே கோரிக்கைக்குள் வைக்கிறோம். 1937இல் வெளிவந்த ‘ஃபோனா ஒஃப் பிரிட்டிஷ் இந்தியா’ வரிசையின் பருந்து அந்துத் தொகுதி இன்றும் பயன்படுவதற்குக் காரணம், அதை எழுதியவர்களில் ஒருவரான பெல், கார்வார்ப் பக்கத்துக் காடுகளில் வன அதிகாரியாக இருந்தபோது புழுக்களை வளர்த்து, ஒவ்வொரு பருவத்தையும் எழுதி வைத்ததுதான். இறகு ஒன்றுபோல இருந்தாலும் புழு வேறாக இருக்கும். புழு ஒன்றுபோல இருந்தால் கூடு வேறாக இருக்கும். இடைக்காட்டு இராசவள்ளிப் பந்தலில் தெரேற்றா நெசஸ், சேம்பில் தெரேற்றா ஓல்டென்லாந்தியே, திராட்சைக் கொடியில் ஹிப்போற்றியன் செலேரியோ, வத்தாளையில் அக்ரியஸ் கொன்வொல்வுலி என்று இந்தக் குடும்பம் எங்கள் தோட்டங்களில் பங்கு போட்டுச் சாப்பிடக்கூடியது. வளர்த்துப் பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தலும் நெற்றுத் துணியும் ஈர மண்ணும் போதும். ஆகவே இனப் பதிவு ஒன்றை ஏற்கு முன் மூன்று சாட்சி கேளுங்கள்: இறகின் இரு பக்கமும், வயிற்று நுனியும், முடிந்த இடத்தில் புழுவும்.

மூன்றாவது கோரிக்கை கடல் கடந்தவர்களுக்கு. சைலோகிராமா என்ற சாம்பல் நிற அந்துச் சாதியின் கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் மாணவர்களுக்காகச் சொல்கிறோம். மல்லிகையிலும் நொச்சியிலும் முன்னையிலும் வளர்கிற அந்து இது. 1780இல் கிராமர், மலுக்குத் தீவுகளின் அம்போனிலிருந்து வந்த மாதிரிக்கு மெனெஃப்ரொன் என்று பெயர் வைத்தார். 1875இல் பட்லர் இலங்கை மாதிரிக்கு வேற்றெஸ் என்று வைத்தார். 1903இல் றொத்சைல்டும் யோர்டானும் இந்தக் குடும்பத்தையே மறுசீரமைத்த பெருநூலில் சைலோகிராமா என்ற சாதி உருவானது. அதன்பின் நெடுங்காலம் இலங்கை அந்து மெனெஃப்ரொன் என்ற பெரிய குடைக்குள் அடங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தீவொன்றின் பெயரை எங்கள் மல்லிகைப் புழு சுமந்தது. இன்று வேற்றெஸ் மீண்டும் தனி இனமாக நிற்கிறது. நல்லது. ஆனால் 2001 முதல் ஜேர்மானியரான எயிற்ஷ்பேர்கர் இந்தச் சாதியைப் பிரித்துப் பிரித்து டசின் கணக்கில் புதுப் பெயர்கள் சூட்டினார்; அவற்றில் பல இனங்களாக நிற்குமா என்று மற்ற நிபுணர்கள் மறுத்தார்கள், சில பழைய பெயர்களுக்குள் திரும்பவும் அடக்கப்பட்டன.

பிரிப்பதையும் சேர்ப்பதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. மடகஸ்காரின் சான்தோபான் பிரெடிக்ற்றாவைப் பாருங்கள். ஓர் அடி நீளத் தேன்குழல் கொண்ட ஓர்க்கிட்டைக் கண்ட டார்வின், அதற்கேற்ற நாக்குள்ள அந்து இருக்கவேண்டும் என்று 1862இல் எழுதினார். 1867இல் வொலஸ் அது பருந்து அந்தாக இருக்கும் என்றார். 1903இல் அந்து கிடைத்துப் பெயரும் பெற்றது, ஆனால் ஆபிரிக்க இனம் ஒன்றின் உபஇனமாக. 2021இல்தான் அது தனி இனமென்று நிறுவப்பட்டது. நூற்றுப் பதினெட்டு வருடம்! அந்தத் தாமதத்தையே நியாயமென்று சொல்ல மாட்டோம். அவசரத்தில் ஓரிரு மாதிரியை வைத்துப் பெயர் போட்டுவிட்டு மற்றவர்களை இருபது வருடம் அதை அவிழ்க்க வைப்பதைவிட அது மேல் என்று மட்டும் சொல்வோம். எங்கள் கோரிக்கை இது: இலங்கை மாதிரியை வைத்து ஒரு இனத்தைப் பிரித்தால், அல்லது சேர்த்தால், அந்த மாதிரிகளில் குடாநாட்டிலிருந்து எத்தனை, தென்னிலங்கையிலிருந்து எத்தனை, தமிழ்நாட்டிலிருந்து எத்தனை என்று கட்டுரையில் எழுதுங்கள். பாக்கு நீரிணைக்கு இரு பக்கத்து மாதிரியையும் பார்க்காமல் எல்லை கீறாதீர்கள். பருந்து அந்துக்கு அந்தக் கடல் பெரிய தூரமில்லை. அக்ரியஸ் கொன்வொல்வுலி ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவின் வடக்குவரை பறந்து போகிற சாமான். ஆஸ்திரேலிய லற்றெயியின் உபஇனமென்று நெடுங்காலம் எண்ணப்பட்ட எங்கள் தெரேற்றா லூக்காசி இன்று தனி இனம் என்றால், எல்லை கீறுவதில் இரு பக்கமும் தவறலாம் என்பது தெளிவு.

டி.என்.ஏ. பற்றி ஒரு வார்த்தை. 2003இல் கனடாவின் போல் ஹெபேர்ட் முன்வைத்த பட்டைக்குறி முறை, இழைமணி மரபணு ஒன்றின் ஏறத்தாழ 650 எழுத்துகளைப் படித்து இனத்தைச் சொல்ல முயல்கிறது. பருந்து அந்துகள் இந்த வேலையில் முன்வரிசையில் உள்ளவை. அந்தின் ஒரு கால் போதும். அற்ககோலில் போட்டு அனுப்பலாம். குடாநாட்டு மாதிரிகளுக்கு இந்தப் படிப்பைச் செய்து, முடிவை எல்லோரும் பார்க்கத் திறந்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். மத்தியதரைக் கடலோரத்தின் ஹைலெஸ் யூஃபோர்பியே கூட்டத்தில் இழைமணி ஒரு கதை சொல்ல, இறகும் புழுவும் வேறு கதை சொல்கின்றன. பழைய கலப்புகளின் தடம் தாய்வழி மரபணுவில் தங்கிவிட்டது. காலை அனுப்பும்போது உடலை இங்கே வைத்திருப்போம் என்பதும் எங்கள் நிபந்தனை.

விவசாயத் திணைக்களத்துக்குச் சொல்வது சுருக்கமானது, ஆனால் கோபத்தோடு சொல்வது. கமநல சேவை நிலையங்களில் கிடைக்கும் துண்டுப் பிரசுரங்களில் ‘இலை தின்னும் புழு’ என்று பொதுவாகப் போட்டு அடியில் மருந்தின் பெயர் போடுவதை விடுங்கள். இனத்தைப் படத்தோடு போடுங்கள்: புழு, கூடு, அந்து மூன்றையும். எத்தனை புழுவுக்கு மேல் வந்தால்தான் மருந்து என்றும் போடுங்கள். விரல் மொத்தப் புழுவைக் கையால் பொறுக்கலாம். இரண்டு பரப்பு எள்ளுக்கு ஒரு விடியற்காலை போதும். புழுவின் முதுகில் அரிசி ஒட்டினதுபோல் வெள்ளை வெள்ளையாக இருந்தால் அது முட்டையென்று நினைத்து நசுக்குகிறார்கள். அவை பெரும்பாலும் அந்தப் புழுவை உள்ளிருந்து தின்று வெளிவந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். அந்தப் புழு ஏற்கெனவே செத்த கணக்கு. விட்டுவிட்டால் அடுத்த புழுக்களுக்கு ஆள் வரும். இதை ஒரு வரியில் போடக்கூடவா இடமில்லை?

இன்னொன்று. கென்யாவில் பப்பாசித் தோட்டங்களில் டினோ மார்ட்டின்ஸும் ஸ்டீவன் ஜோன்சனும் செய்த ஆய்வில், பப்பாசிப் பூவின் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது பருந்து அந்துகள் என்று கண்டார்கள். பக்கத்தில் காடுபற்றை இருந்த தோட்டங்களில் அந்தின் வருகை கூடியது. எங்கள் வளவுகளிலும் பப்பாசி நிற்கிறது. ஒரு தறையில் புழுவாக இலை தின்பது பக்கத்துத் தறையில் அந்தாகிக் காய் பிடிக்க வைக்கலாம். எந்த இனம் எந்தப் பூவுக்கு இங்கே வருகிறது என்று ஒருவரும் உட்கார்ந்து பார்க்காமல் மொத்தமாக எதிரியென்று முத்திரை குத்துவதை ஏற்க முடியாது. திருநெல்வேலி நிலையம் இரண்டு பூப்பருவம் இதைப் பார்க்கட்டும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களிடமும் கேட்கட்டும். ஸ்டிக்ஸ் தேன்கூட்டுக்குள் நுழைந்து குடிக்கிற பழக்கமுள்ளது.

சட்டம் பற்றி. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேண்டும், இறுக்கமாகவும் வேண்டும். யால தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் அடைத்துக் கடத்தப் பார்த்த இரண்டு இத்தாலியருக்கு 2024இல் நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அதே பயத்தில், சொந்த வளவின் அலரியில் இருந்த புழுவை வளர்த்துப் பார்க்க ஒரு பாடசாலை மாணவிக்கும் தயக்கம் வந்துவிடக்கூடாது. பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியே, பட்டியலிடப்படாத அந்துகளைப் படிப்புக்காக எடுக்க, பாடசாலை அதிபரின் கையெழுத்தோடு மாவட்ட அலுவலகத்திலேயே கிடைக்கும் எளிய அனுமதி முறை ஒன்றைத் தமிழ்ப் படிவத்தோடு கொண்டுவாருங்கள். மாதிரி நாட்டைவிட்டு வெளியே போவதற்கு மட்டும் கொழும்பு போதும்.

பிரதேச சபைக்கு: புதிதாகப் பூட்டும் வீதி விளக்குகளில், தொண்டைமானாற்று நீரேரிப் பக்கமும் பற்றைக் காணிப் பக்கமும் நீலங் கலந்த வெள்ளை வெளிச்சத்தைத் தவிர்த்து மஞ்சள் வெளிச்சத்தைக் கீழ்நோக்கி மூடிப் போடுங்கள். தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. இருட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை என்பது அவர்களுக்கு விளங்கும். வளலாயில் நெடுங்காலம் மூடிக்கிடந்து விடுபட்ட காணிகளில் பற்றைகளை ஒரேயடியாகத் தள்ளி எரிக்க முன், அங்கே எந்த அந்து எந்தச் செடியில் இருக்கிறது என்று ஒரு மாரியாவது பார்த்து எழுத விடுங்கள்.

மாணவர்களுக்கு: உயர்தர மாணவருக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றால் இன்று நினைவுக்கு வருவது பரீட்சை வினாத்தாள். அந்தத் தாள்களால் வடக்குக்குக் கிடைத்த பெறுபேற்றை மறுக்க மாட்டோம். அதோடு நீரேரிக்கரையில் ஒளிப்பொறி வைத்து, பிடித்து, பதிந்து, விட்டுவிடும் இரவுகளையும் நடத்த வேண்டும்; அதற்குக் கல்வித் திணைக்களம் செலவு கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் பற்றியும் சிலர் கேட்டார்கள். இனம் உறுதியாகாத பூச்சிக்கு அழகான தமிழ்ப் பெயர் வைத்து அச்சிடுவதில் எங்களுக்கு அவசரமில்லை. உறுதியானதும் தோட்டக்காரர் சொல்வதைக் கேட்டு வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் தருவதையும் எழுதி வைக்கிறோம். வளர்த்த ஒவ்வொரு புழுவின் குறிப்பும், செடியின் பெயரும், இறகின் இரு பக்கப் படமும் தருவோம். பார்த்ததற்கு மேல் எழுத மாட்டோம். இனம் தெரியாவிட்டால் சாதிப் பெயரோடு நிறுத்துவோம். எங்கள் தறைகளில் எள்ளுக்கும் கத்தரிக்கும் புழு கண்டதும் மருந்து அடிப்பதை ஒரு போகத்துக்கு நிறுத்தி, பொறுக்கிய புழுக்களை எண்ணிக்கையோடு ஒப்படைப்போம். சேகர அறைக்கு மரப்பெட்டி செய்ய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். பலகைக்குத் தட்டுப்பாடு இருந்தால் சொல்லுங்கள்.

முதல் ஆண்டுக்கு மூன்று சிக்கல்கள் போதும்: எள்ளில் ஸ்டிக்ஸா லகேசிஸா, எந்த அளவில் எது; மூக்கிரட்டையில் போர்ஹாவியேயா றொசெற்றாவா; மல்லிகையில் இருப்பது வேற்றெஸ் மட்டுந்தானா. மூன்றுக்கும் மாதிரியும் வயிற்று நுனியும் காலும் புழுவும் சேர்த்து முடிவு சொல்ல வேண்டும். எந்தத் துறை எதைப் பொறுப்பேற்கிறது, யாருடைய பெயரில், எந்த நிதியில் என்ற மறுமொழி எழுத்தில், தமிழில், வரும் சிறுபோகத்து எள்ளு விதைப்புக்கு முன் வேண்டும்.